மருத்துவமனை வாசலில் நிற்பவர் யாருக்குப் பதில் சொல்வார்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அரசு மருத்துவமனையில் மருத்துவர் தாக்கப்பட்டார், பச்சைக் குழந்தை காணாமல் போனது, இரவில் வார்டுக்குள் வெளியாள் புகுந்தார் என்று ஒரு செய்தி வந்தால், இரண்டொரு நாளில் இன்னொரு செய்தியும் வந்துவிடும்: 'கூடுதல் பாதுகாவலர்கள் நியமிக்கப்படுவார்கள்.' 2024 நவம்பரில் கிண்டி கலைஞர் நூற்றாண்டு உயர்சிறப்பு மருத்துவமனையில் மருத்துவர் ஒருவர் கத்தியால் குத்தப்பட்டபோதும் பேச்சு இந்தப் பக்கம்தான் திரும்பியது. எத்தனை பேர் வருவார்கள் என்று எல்லோரும் கேட்கிறோம். அவர்களைத் தேர்ந்தெடுப்பது யார், பயிற்சி கொடுப்பது யார், தவறு செய்தால் அது எந்தக் கோப்பில் ஏறும் என்று கேட்பவர்கள் குறைவு. அரசு தன் வாசலைக் காக்கும் வேலையைத் தனியார் ஏஜென்சியிடம் கொடுத்துவிட்ட பிறகு, இந்தக் கேள்விகளுக்கு விடை ஒப்பந்தப் பத்திரத்தில்தான் இருந்தாக வேண்டும். வழக்கமாக எழுதப்படும் பத்திரங்களில் அது இருப்பதில்லை.

முதலில் ஆள்கணக்கு. இரவு பகலாக ஆள் நிற்க வேண்டிய ஒரு வாசலுக்கு மூன்று ஷிப்டு, ஆகவே மூன்று பேர் என்று டெண்டரில் எழுதிவிடுகிறார்கள். வாரத்துக்கு 168 மணி நேரம். ஒரு தொழிலாளி வாரத்தில் செய்யக்கூடிய இயல்பான வேலை 48 மணி நேரம். வகுத்துப் பார்த்தால் மூன்றரை ஆள் வரும். ஈட்டிய விடுப்பு, தேசிய விடுமுறை, பண்டிகை விடுமுறை, காய்ச்சல், ஊரில் சாவு என்று எல்லாம் சேர்த்தால் நான்கு பேர் இல்லாமல் ஒரு வாசலை ஒழுங்காக நடத்த முடியாது. 20 வாசல் உள்ள மருத்துவமனைக்கு 80 பேர் வேண்டும். டெண்டர் கேட்பதோ 60. விடுப்பையே கணக்கில் சேர்க்காவிட்டாலும் வாரத்துக்கு 480 மணி நேரம், அதாவது 60 ஷிப்டு துண்டு விழுகிறது. அந்த 60 ஷிப்டை அதே 60 பேர் தலைக்கு ஒன்றாகப் பார்க்கிறார்கள். வார விடுமுறை அங்கேயே போயிற்று. இருவர் லீவு போட்டால் மூன்றாமவர் 'டபுள் டியூட்டி'. பதினாறு மணி நேரம் நின்றவர் விடியற்காலை மூன்று மணிக்கு நாற்காலியில் கண் அயர்ந்திருப்பதைப் படம் எடுத்துப் போடுகிறோம். டெண்டர் எழுதிய மேசையைப் படம் எடுக்க யாரும் போவதில்லை.

அடுத்தது பணக்கணக்கு. உதாரணத்துக்கு மாதச் சம்பளம் 14,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். வேலையளிப்பவர் கட்ட வேண்டிய வருங்கால வைப்பு நிதி (பி.எஃப்.), அதோடு சேர்ந்த காப்பீடு, நிர்வாகக் கட்டணம் எல்லாமாக 13 சதவீதம்: 1,820. தொழிலாளர் மருத்துவக் காப்பீடான இ.எஸ்.ஐ. 3.25 சதவீதம்: 455. சட்டப்படியான குறைந்தபட்ச போனஸ் 8.33 சதவீதம்: 1,166. ஆக 17,441. ஏழு நாளும் அந்த இடத்தில் ஆள் நிற்க, ஏழாம் நாளுக்கு மாற்று ஆள் வேண்டுமே. ஆறில் ஒரு பங்கைக் கூட்டினால் 20,348. சீருடை, ஷூ, டார்ச், மழைக்கோட்டு, பயிற்சிச் செலவு, மேற்பார்வையாளர் சம்பளம், ஏஜென்சியின் லாபம் எதுவும் இதில் சேரவில்லை. இந்தச் சம்பளத்துக்கு ஆள் கொடுப்பதாகச் சொல்லி, ஓர் இடத்துக்கு 18,000 என்று விலை போடும் ஏஜென்சி மீதிப் பணத்தைத் தன் பையிலிருந்து போடப்போவதில்லை. சில டெண்டர்களில் 'சேவைக் கட்டணம் பூஜ்யம்' என்றே விலை வரும். லாபமே வேண்டாம் என்று ஒருவர் நூறு பேரை வைத்து வேலை வாங்குகிறார் என்றால், வருமானம் வேறு எங்கிருந்தோ வருகிறது: சேரும்போது ஆளிடம் வாங்கும் 'டெபாசிட்', சீருடைக்கென்று சம்பளத்தில் பிடித்தம், கட்டாத பி.எஃப்., வராத ஆளுக்கு வருகைப் பதிவு. குறைந்த விலைக்கே கொடுக்க வேண்டும் என்று டெண்டர் சட்டம் சொல்கிறதே என்பார்கள். தகுதியான விலைப்புள்ளிகளில் குறைந்தது என்பதுதான் சட்டத்தின் எதிர்பார்ப்பு. குறைந்தபட்சக் கூலியும் சட்டப் பங்களிப்புகளும் சேர்ந்த தொகைக்குக் கீழே போட்ட விலை செல்லாது என்று டெண்டர் நிபந்தனையிலேயே எழுதி, இந்தக் கணக்கை இணைப்பாக வைத்துவிட்டால் பாதிச் சிக்கல் அங்கேயே தீரும்.

சட்டம் இல்லாமல் இல்லை. தனியார் பாதுகாப்பு முகமைகள் ஒழுங்குமுறைச் சட்டம் 2005-இல் வந்தது. உரிமம் இல்லாமல் இந்தத் தொழிலை நடத்தினால் ஓராண்டு வரை சிறை, 25,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பாதுகாவலருக்கு வயது 18-க்குக் குறையாமலும் 65-க்கு மேற்படாமலும் இருக்க வேண்டும். முன்நடத்தை சரிபார்க்கப்பட்டிருக்க வேண்டும். பயிற்சி முடித்திருக்க வேண்டும். மத்திய அரசின் மாதிரி விதிகள் பயிற்சியை மணிக்கணக்கில் சொல்கின்றன: வகுப்பறையில் 100 மணி நேரம், களத்தில் 60 மணி நேரம், குறைந்தது 20 வேலை நாட்களில் பரப்பி. முன்னாள் படைவீரர், முன்னாள் காவலர் என்றால் 40 மணி நேரமும் 16 மணி நேரமும். கூட்டத்தைக் கட்டுப்படுத்துவது, தீயணைப்பு, முதலுதவி, அடையாள அட்டையைச் சரிபார்ப்பது எல்லாம் பாடத்திட்டத்தில் உண்டு. 15 பாதுகாவலருக்கு ஒரு மேற்பார்வையாளர் என்ற கணக்கும் இருக்கிறது.

இந்த 20 நாள் சம்பளத்தை யார் கொடுப்பது? இங்கேதான் சட்டம் நடைமுறையில் முறிகிறது. ஒப்பந்தம் கையெழுத்தாகி 15 நாளில் 60 பேரை நிறுத்த வேண்டும் என்று ஆணை போகும். ஏஜென்சியிடம் பயிற்சி பெற்ற 60 பேர் காத்திருப்பதில்லை. அப்போதுதான் ஆள் தேடத் தொடங்குகிறார்கள். பயிற்சிச் சான்றிதழ் அச்சாகி வந்துவிடும். அதைச் சரிபார்க்க எளிய வழி உண்டு. சான்றிதழில் உள்ள பயிற்சித் தேதிகளை, அந்த ஆளின் பி.எஃப். கணக்கு எண்ணில் அதே மாதம் வேறு நிறுவனத்தின் பேரில் பணம் கட்டப்பட்டிருக்கிறதா என்பதோடு ஒப்பிட்டால் போதும். திருப்பூரில் பனியன் கம்பெனியில் 26 நாள் வேலை செய்தவர் அதே மாதம் இன்னோர் ஊரில் 20 நாள் பயிற்சியில் இருந்திருக்க முடியாது. முன்நடத்தைச் சரிபார்ப்பும் இப்படித்தான். காவல் நிலையத்திலிருந்து அறிக்கை வரும் முன்பே ஆள் வாசலில் நிற்கிறார். அறிக்கை வரும்போது அவர் வேறு இடத்துக்குப் போயிருப்பார்.

ஒரு ஒப்பீட்டைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஏ.டி.எம்.முக்குப் பணம் கொண்டுபோகும் வேனுக்கு மத்திய அரசு 2018-இல் தனி விதிகளே போட்டது. வேனுக்கு ஓர் ஓட்டுநர், ஆயுதம் தாங்கிய இரு காவலர், பணத்தைக் கையாளும் இருவர். ஒரு நடையில் ஐந்து கோடிக்கு மேல் ஏற்றக்கூடாது. நகரத்தில் இரவு 9 மணிக்குப் பின், கிராமத்தில் மாலை 6 மணிக்குப் பின் ஏ.டி.எம்.மில் பணம் நிரப்பக்கூடாது. வேனுக்குள் கேமரா, ஜி.பி.எஸ். வேண்டும். நோட்டுக் கட்டுக்கு எத்தனை காவல் என்று இவ்வளவு துல்லியமாக எழுதத் தெரிந்த அரசு, பிரசவ வார்டுக்கு எத்தனை பெண் பாதுகாவலர், அவசர சிகிச்சைப் பிரிவின் வாசலுக்கு எந்தப் பயிற்சி பெற்றவர் என்பதை ஒவ்வொரு டெண்டர் எழுதும் அலுவலரின் ஊகத்துக்கு விட்டிருக்கிறது.

இனி, பதில் சொல்லும் பொறுப்பு. அரசுப் பணியாளர் ஒருவர் கடமை தவறினால் குற்றக்குறிப்பாணை உண்டு. அரசுப் பணியாளர் ஒழுங்கு விதிகளின் 17(ஆ) என்றால் அலுவலகங்களில் எல்லோருக்கும் தெரியும்: விளக்கம், விசாரணை, தண்டனை, மேல்முறையீடு, எல்லாம் கோப்பில் நிற்கும். பழைய இரவுக் காவலரும் தூங்கினார், அவரும் கைநீட்டினார், மறுக்கவில்லை. ஆனால் அவர் தூங்கியதற்குக் கோப்பு இருந்தது. கைநீட்டினால் லஞ்ச ஒழிப்புத் துறை ரசாயனப் பொடி தடவிய நோட்டோடு வரலாம் என்ற பயமும் இருந்தது. ஏஜென்சி ஆள் மேல் புகார் வந்தால் நடப்பது ஒன்றுதான்: 'நாளையிலிருந்து இங்கே வராதே.' அடுத்த வாரம் அவர் வேறொரு வாசலில் அதே சீருடையில் நிற்பார். புகாரின் சுவடு எங்கும் இல்லை. தவறே செய்யாதவர் மேல் பழி விழுந்தாலும் கதி இதேதான்; விளக்கம் சொல்லக்கூட அவருக்கு இடம் கிடையாது. வார்டுக்குள் விட ஐம்பது, ஸ்ட்ரெச்சர் தள்ள நூறு என்று வாங்குபவரை ஊழல் தடுப்புச் சட்டத்தின் கீழ் 'பொது ஊழியர்' என்று கொண்டுவர முடியுமா என்பது வழக்குக்கு வழக்கு வாதாட வேண்டிய விஷயம். மறுபக்கம், கடமையில் இருக்கும் அரசு ஊழியரைத் தாக்கினால் பாயும், புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 132-ஆம் பிரிவு, இந்தப் பாதுகாவலர் அடி வாங்கும்போது அதே உறுதியோடு அவருக்குக் கைகொடுக்காது. அதிகாரமும் இல்லை, பாதுகாப்பும் இல்லை. கையில் லத்தி மட்டும் இருக்கிறது.

அதிகாரம் என்றதும் நினைவுக்கு வருவது, பிடித்து வைப்பது. பாதுகாவலருக்கு மற்ற குடிமகனுக்கு உள்ள உரிமைதான் உண்டு. புதிய குற்ற நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக சுரக்ஷா சன்ஹிதாவின் 40-ஆம் பிரிவுப்படி, பிணையில் விட முடியாத, போலீஸ் நேரடியாகக் கைது செய்யத்தக்க குற்றத்தைத் தன் கண்முன் செய்பவரை அவர் பிடிக்கலாம். தாமதமின்றி, எப்படியும் ஆறு மணி நேரத்துக்குள் போலீசிடம் ஒப்படைக்க வேண்டும். 5,000 ரூபாய்க்குக் குறைந்த பொருளின் திருட்டு புதிய சட்டத்தில் பிணையில் விடத்தக்க குற்றமாக, போலீஸ் நேரடியாகக் கைது செய்ய முடியாத குற்றமாக வைக்கப்பட்டிருக்கிறது. ஆக, பழைய செல்போனைத் திருடியதாகச் சொல்லி ஒருவரைப் படிக்கட்டுக்கு அடியில் உட்காரவைத்து 'விசாரிப்பது' சட்டவிரோதமான அடைப்பு. வாசலில் நிற்பவரில் எத்தனை பேருக்கு இது சொல்லிக் கொடுக்கப்பட்டிருக்கிறது? உடலைத் தடவிச் சோதிப்பது, நோயாளியைக் கட்டிப்போட உதவுவது, மருந்துக் கிடங்கின் சாவி, சம்பவம் நடந்த பிறகு கேமராப் பதிவைக் கையாள்வது: இந்த நான்கும் ஒப்பந்த ஆள் தனியாகச் செய்யும் வேலையாக இருக்கவே கூடாது என்பது என் துணிபு. வரிசையை ஒழுங்கு செய்வது, அனுமதிச் சீட்டுப் பார்ப்பது, வண்டி நிறுத்தம், பதிவேடு எழுதுவது போன்றவற்றை வெளியே கொடுப்பதில் தவறில்லை.

கொல்கத்தாவில் 2024 ஆகஸ்டில் ஆர்.ஜி.கர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் பயிற்சி மருத்துவர் கொல்லப்பட்ட வழக்கில் தண்டனை பெற்றவர் வெளியிலிருந்து சுவர் ஏறிக் குதித்து வந்தவர் அல்லர். அவர் காவல்துறையோடு இணைக்கப்பட்ட 'சிவிக் வாலண்டியர்', அதாவது தற்காலிகமாக எடுக்கப்பட்ட ஆள். அந்தத் தொடர்பே அவருக்கு மருத்துவமனைக்குள் தடையில்லாமல் நடமாட வழி செய்தது. உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து எடுத்த வழக்கில், மருத்துவமனைக்கு மத்தியத் தொழிற் பாதுகாப்புப் படையை அனுப்பியது. மருத்துவமனைப் பாதுகாப்புக்கு மறுபடியும் ஒப்பந்த ஆட்களையே, சில நாள் பயிற்சியோடு எடுக்கப்போவதாக மாநில அரசு சொன்னபோது நீதிபதிகள் அதைக் கேள்வி கேட்டார்கள். பின்னர், இந்தத் தொண்டர்களை எந்தச் சட்டத்தின் கீழ், என்ன தகுதியில், எப்படிச் சரிபார்த்து எடுக்கிறீர்கள் என்று விவரமும் கேட்டார்கள். இதற்கு முன்பே, 2011-இல் சத்தீஸ்கரின் சிறப்புக் காவல் அலுவலர்கள் வழக்கில், குறைந்த படிப்பும் குறைந்த பயிற்சியும் உள்ள பழங்குடி இளைஞர்களை மதிப்பூதியத்துக்கு எடுத்துத் துப்பாக்கி கொடுத்தது அரசமைப்பின் 14, 21-ஆம் பிரிவுகளுக்கு எதிரானது என்று அதே நீதிமன்றம் சொல்லியிருந்தது. அந்தத் தீர்ப்பில் பேசப்பட்டது துப்பாக்கி என்பதால் நம் லத்திக்கு அது பொருந்தாது என்று தள்ளிவிட முடியாது.

தனியாருக்குக் கொடுத்தால் திறமை கூடும் என்பவர்கள் அடிக்கடி பிரிட்டனைக் காட்டுவார்கள். அங்கே நடந்ததைப் பார்ப்போம். குற்றவாளிகளின் காலில் மின்னணுப் பட்டை கட்டிக் கண்காணிக்கும் வேலை ஜி4எஸ், செர்கோ என்ற இரண்டு நிறுவனங்களிடம் இருந்தது. 2013-இல், மீண்டும் டெண்டர் விடும் வேலையின்போது கணக்கைக் கிளறியதில்தான் தெரிந்தது: திரும்பவும் சிறைக்குப் போனவர்கள், நாட்டை விட்டே போனவர்கள், இறந்துபோனவர்கள் பேரிலும் கண்காணிப்புக் கட்டணம் வாங்கப்பட்டிருந்தது. செர்கோ 6.85 கோடி பவுண்டும் ஜி4எஸ் சுமார் 10.9 கோடி பவுண்டும் திருப்பிக் கொடுத்தன. பின்னால் 2019-இலும் 2020-இலும் அபராதமாக முறையே 1.92 கோடி, 3.85 கோடி பவுண்டு கட்ட இந்நிறுவனங்களின் கிளைகள் ஒப்புக்கொண்டன. அடுத்து, சிறைக்கு வெளியே இருக்கும் குற்றவாளிகளின் நன்னடத்தைக் கண்காணிப்பு. 2014-இல் அதை இரண்டாகப் பிளந்து, ஆபத்துக் குறைவானவர்கள் என்று வகைப்படுத்தப்பட்டவர்களை 21 தனியார் நிறுவனங்களிடம் விட்டார்கள். 'விளைவைப் பொறுத்துப் பணம்' என்பது முழக்கம். எதிர்பார்த்த எண்ணிக்கையில் ஆட்கள் வராததால் நிறுவனங்களுக்கு வருமானம் விழுந்தது. செலவைக் குறைக்க, நேரில் பார்க்க வேண்டியவரிடம் தொலைபேசியில் பேசி முடித்தார்கள். 2021 ஜூனில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் அந்த வேலை முழுவதும் அரசிடமே திரும்பியது. பர்மிங்காம் சிறையும் அப்படித்தான்: 2011-இல் தனியாரிடம் போனது, 2016 டிசம்பரில் பெரும் கலவரம், 2018 ஆகஸ்டில் அரசு மீண்டும் பொறுப்பேற்றது. சிறைக்கும் மருத்துவமனைக்கும் தூரம் அதிகம்தான். ஆனால் கண்காணிப்புப் பட்டையில் நடந்ததும் நம் ஊர் வருகைப் பதிவேட்டில் நடப்பதும் ஒரே கணக்குத்தான்: இல்லாத ஆளுக்குப் பில்.

அதைப் பிடிக்கும் வழியைச் சொல்கிறேன். மாதாமாதம் பில்லோடு வருகைப் பதிவேடு மட்டும் வந்தால் போதாது. பி.எஃப். செலுத்தியதற்கான இ.சி.ஆர். அறிக்கை ஆள்வாரியாக வர வேண்டும். அதில் ஒவ்வொருவருக்கும் யு.ஏ.என். எண்ணும் (எந்த நிறுவனத்தில் இருந்தாலும் மாறாத பி.எஃப். எண்) சம்பளமும், பங்களிப்பு இல்லாத நாட்களும் இருக்கும். பதிவேட்டில் 30 நாள் வேலை, இ.சி.ஆரில் பங்களிப்பு இல்லாத நாள் 10 என்றால் இரண்டில் ஒன்று பொய். அடுத்து, அதே ஏஜென்சி பக்கத்து மாவட்டத்தில் கொடுத்த இ.சி.ஆரை வாங்கி யு.ஏ.என். எண்களை ஒப்பிட வேண்டும். ஒரே எண் இரண்டு மருத்துவமனையிலும் முழு மாதம் வேலை செய்திருந்தால் அவர் பேரில் இரண்டு அரசுப் பணம் போகிறது. மொத்தத் தொகைக்கான சாலானை மட்டும் வைத்து பில்லைப் பாஸ் செய்வதில்தான் எல்லாம் ஒளிந்துகொள்கிறது. அந்தச் சாலான் எந்த ஊர் ஆட்களுக்கென்று அதில் எழுதியிருக்காது. இரவில் முன்னறிவிப்பில்லாமல் நிலைய மருத்துவ அலுவலரும் புறக்காவல் நிலையக் காவலரும் சேர்ந்து தலை எண்ணுவது மாதம் இரு முறை நடந்தால் போதும். பதிவேட்டில் கையெழுத்து இருந்து ஆள் இல்லாவிட்டால் ஒரு நாள் கூலியைப் பிடிப்பது தண்டனையே ஆகாது. வராத ஆளுக்குக் கூலி கொடுக்காமல் இருப்பது மட்டும்தான் அது. மூன்று மடங்கு பிடித்தம் என்று எழுத வேண்டும். அந்தப் பிடித்தம் பாதுகாவலர் சம்பளத்தில் கைவைக்காமல் ஏஜென்சியின் சேவைக் கட்டணத்தில்தான் விழ வேண்டும் என்றும் எழுத வேண்டும். இரண்டாவது வாக்கியம் இல்லாவிட்டால் முதல் வாக்கியம் ஏழையின் தலையில் விடியும்.

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டால் வரும் பதிலும் பலருக்குத் தெரிந்ததே: 'கோரப்பட்ட விவரம் ஒப்பந்த நிறுவனம் தொடர்பானது; இவ்வலுவலகத்தில் இல்லை.' சட்டம் கேட்பது, பொது அதிகார அமைப்பின் கைவசமோ கட்டுப்பாட்டிலோ உள்ள தகவலை. ஆகவே ஒப்பந்தத்திலேயே, பாதுகாவலர் பெயர்ப் பட்டியல், ஷிப்டு அட்டவணை, பயிற்சிச் சான்று, முன்நடத்தை அறிக்கையின் தேதி, பெறப்பட்ட புகார், எடுத்த நடவடிக்கை ஆகியவற்றை மாதந்தோறும் 5-ஆம் தேதிக்குள் மருத்துவமனையிடம் ஒப்படைக்க வேண்டும் என்று எழுதிவிட்டால், அவை அலுவலகத்தின் ஆவணம் ஆகிவிடும். பொதுத் தகவல் அலுவலர் கையை விரிக்க முடியாது. விரித்தால் நாளுக்கு 250 ரூபாய், அதிகபட்சம் 25,000 வரை அவர் சொந்தப் பணத்திலிருந்து போகும். ஆளின் முகவரி, வங்கிக் கணக்கு போன்றவற்றை மறைத்துக் கொடுக்கச் சட்டத்திலேயே வழி இருக்கிறது. அதைக் காட்டி முழுக் கோப்பையும் மறுப்பது சரியில்லை.

கேமரா விஷயம் தனியாகச் சொல்ல வேண்டியது. பல இடங்களில் கேமராவைப் பொருத்தியது ஒருவர், பராமரிப்பவர் இன்னொருவர், திரையைப் பார்ப்பவர் பாதுகாப்பு ஏஜென்சியின் ஆள். பதிவுப் பெட்டியின் கடவுச்சொல் எல்லோருக்கும் தெரியும், அல்லது பெட்டி வாங்கியபோது இருந்ததே இருக்கும். கேமராவின் எண்ணிக்கையைக் கூட்டி, வட்டின் கொள்ளளவைக் கூட்டாமல் விட்டால், 30 நாள் நிற்க வேண்டிய பதிவு பத்து நாளிலேயே தானாக அழிந்து மேலெழுதப்படும். புகார் பதினைந்தாம் நாள் வந்தால் காட்ட ஒன்றுமில்லை. பெட்டியின் கடிகாரம் இருபது நிமிடம் பின்தங்கியிருந்தால், இருக்கும் பதிவையும் குறுக்கு விசாரணையில் கிழித்துவிடுவார்கள். சம்பவம் நடந்தால் அன்றே செய்ய வேண்டியது: பெட்டி இருக்கும் அறையைப் பூட்டி, நிலைய மருத்துவ அலுவலர் முன்னிலையில் சம்பவத்துக்கு முன்னும் பின்னுமாகச் சில மணி நேரப் பதிவைப் படியெடுத்து, அதன் ஹாஷ் மதிப்பை (பதிவு பின்னால் மாற்றப்படவில்லை என்று காட்டும் எண்) குறித்து வைத்து, பாரதிய சாட்சிய அதினியத்தின் 63-ஆம் பிரிவு மின்னணு ஆதாரத்துக்குக் கேட்கும் சான்றிதழின் இரண்டு பகுதிகளுக்கும் ஏற்பாடு செய்வது. பாதுகாப்பு ஏஜென்சியின் மேலேயே புகார் இருக்கும்போது அந்தப் பதிவு அவர்களுடைய ஆளின் கையில் இருப்பதை விட மோசமான ஏற்பாடு வேறில்லை. கடவுச்சொல் அரசு ஊழியர் ஒருவரிடம், மூடி முத்திரையிட்ட மாற்றுப் பிரதி டீனிடம் இருக்க வேண்டும்.

பிரசவ வார்டு வாசலுக்கும் ஒரு வார்த்தை. தாய்க்கும் சேய்க்கும் ஒரே எண் போட்ட பட்டை கட்டுவது நல்ல ஏற்பாடு. ஆனால் வாசலில் நிற்பவர் அந்த இரண்டு எண்ணையும் விடுவிப்புச் சீட்டில் உள்ள எண்ணோடு ஒப்பிட்டு, செவிலியரின் கையெழுத்தைப் பார்த்து, நேரத்தைப் பதிவேட்டில் எழுதிய பிறகே விட வேண்டும் என்பது அவருடைய வேலை விவரத்தில் எழுத்தில் இருக்க வேண்டும். துப்புரவுக்கும் காவலுக்கும் சேர்த்து ஒரே டெண்டர் விடும் இடங்களில், பாதுகாவலர் வராத ஷிப்டில் துப்புரவுப் பணியாளருக்குச் சீருடைச் சட்டையை மாட்டி நிறுத்துவதும் எளிதாகிவிடுகிறது. இரண்டையும் தனித்தனி ஒப்பந்தமாக்குவது நல்லது. குறைந்தபட்சம் இரு பட்டியலிலும் ஒரே பெயர் வரக்கூடாது.

எல்லாவற்றையும் நிரந்தரப் பணியிடமாக்குங்கள் என்று கேட்டால் நிதித்துறை சிரிக்கும். சட்டமும் அந்தப் பக்கம் இல்லை. 2020-இன் தொழிற்பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு, 2025 நவம்பர் 21-இல் நடைமுறைக்கு வந்தது. நிறுவனத்தின் மையமான வேலையில் ஒப்பந்தத் தொழிலாளரை வைக்கக்கூடாது என்று சொல்லிவிட்டு, துப்புரவையும் காவலையும் பொதுவாக மையமல்லாத வேலைகளின் பட்டியலில் அது வைத்திருக்கிறது. நிறுவனமே அந்த வேலைக்காக ஏற்பட்டதாக இருந்தால்தான் விலக்கு. நோய்த்தொற்றும் கூட்டமும் உள்ள ஒரு மருத்துவமனையில் துப்புரவும் காவலும் மையமான வேலை இல்லை என்று எழுதியவர் இரவு அவசர சிகிச்சைப் பிரிவில் ஒரு மணி நேரம் நின்றிருக்க மாட்டார். இருக்கட்டும். நடுவழி ஒன்று ஏற்கெனவே நம்மிடம் இருக்கிறது. 1986-இல் தொடங்கிய தமிழ்நாடு முன்னாள் படைவீரர் கழகம், டெக்ஸ்கோ, அரசு நிறுவனம். தகவல் அறியும் உரிமைச் சட்டம் அதற்கு நேரடியாகப் பொருந்தும். ஆட்கள் முன்னாள் படைவீரர்கள். லாபத்துக்காகக் கூலியைக் கடிக்க வேண்டிய கட்டாயம் அதற்குக் குறைவு. பெண் பாதுகாவலர் போதிய அளவில் கிடைப்பது அதில் கடினம். அவசர சிகிச்சைப் பிரிவு, மருந்துக் கிடங்கு, கேமரா அறை, மேற்பார்வையாளர் இடங்களை டெக்ஸ்கோவுக்கும், மற்ற வாசல்களை ஏஜென்சிக்கும் என்று பிரித்துக் கொடுக்கலாம்.

கடைசியாக, ஒப்பந்தம் முடியும் நேரம். புதிய டெண்டர் தாமதமாகி, 'மறு உத்தரவு வரும் வரை' என்று பழைய ஏஜென்சிக்கே நீட்டிப்பு கொடுப்பது வழக்கம். நீட்டிப்பு ஆணை போகும். பிணையாக வாங்கிய வங்கி உத்தரவாதத்தின் கெடு மூல ஒப்பந்தத் தேதியோடு முடிந்திருக்கும். அதை யாரும் புதுப்பிக்கச் சொல்வதில்லை. நீட்டிப்புக் காலத்தில் இரண்டு மாதச் சம்பளத்தையும் பி.எஃப். பணத்தையும் நிலுவை வைத்துவிட்டு ஏஜென்சி கிளம்பினால், ஒப்பந்ததாரர் கொடுக்காத கூலியை முதன்மை வேலையளிப்பவர், அதாவது இங்கே மருத்துவமனை, கொடுக்க வேண்டும் என்பது 1970-இன் சட்டத்திலும் இருந்தது, புதிய தொகுப்பிலும் இருக்கிறது. ஒருமுறை பில்லில் கொடுத்த பணத்தை மருத்துவமனை மறுபடியும் கொடுக்கும். பிடித்துக்கொள்ளக் கையில் உத்தரவாதம் இருக்காது. நீட்டிப்புக் கோப்பில் கையெழுத்துப் போடும் அலுவலர் உத்தரவாதத்தின் கடைசித் தேதியைப் பார்த்து, புதுப்பித்த பத்திரம் வந்த பிறகே ஆணையை அனுப்ப வேண்டும். அதுவரையிலான பில்லை நிறுத்தி வைக்காமல், சம்பளப் பகுதியை மட்டும் பாதுகாவலர்களின் வங்கிக் கணக்கில் நேரடியாகச் செலுத்த ஒப்பந்தத்திலேயே இடம் வைத்துக்கொள்ள வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உள்தணிக்கை அலுவலர் ஒருவர்,
தஞ்சாவூர்.